கொல்லைக் கதவைச் சாத்துங்கள்

ஆண்டறிக்கை கைக்கு வந்தால் நம்மில் பலர் லாபத்தையும் ஈவுத்தொகையையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுமையாகத் தணிக்கையாளர் அறிக்கைவரை புரட்டிப் பாருங்கள். 2023–24 நிதியாண்டு தொடங்கி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் உட்படப் பலவற்றின் அறிக்கைகளில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரு செய்தி வருகிறது. கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் பதியும் வசதி ஆண்டு முழுவதும் இயங்கியதாம். ஆனால், தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்யப்படும் மாற்றங்களைப் பதியும் வசதி மட்டும் இயக்கப்பட்டிருக்கவில்லையாம்.

வீட்டுப் பேச்சில் சொன்னால் இதன் பொருள் எளிது. வாசலுக்குப் பூட்டு உண்டு, காவலாளி உண்டு, வந்துபோகிறவர் கையெழுத்துப் போட நோட்டும் உண்டு. கொல்லைக் கதவு மட்டும் திறந்து கிடக்கிறது. அந்த வழியாக யார் வந்தார், எதை எடுத்தார், எதை வைத்துவிட்டுப் போனார் என்று கேட்டுவிடாதீர்கள். இதை எழுதி, அச்சிட்டு, பங்குதாரருக்கும் அனுப்பிவைக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாலேயே குற்றம் தீர்ந்துவிட்டதுபோல் அடுத்த ஆண்டும் அதே வாசகத்தை அச்சிடுகிறவர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் நிறுவனங்கள் (கணக்குகள்) விதிகளில் 2021 மார்ச் மாதம் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கணக்குப் புத்தகங்களைக் கணினியில் பராமரிக்கும் எந்த நிறுவனமும், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தடத்தையும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வர வேண்டிய இது, 2022 ஏப்ரல் 1க்குத் தள்ளிப்போடப்பட்டு, பிறகு 2023 ஏப்ரல் 1க்குத் தள்ளிப்போடப்பட்டது. இரண்டு ஆண்டு அவகாசம். அந்த அவகாசத்தில் பல நிறுவனங்கள் செய்தது, செய்யாமல் விட்டதை எப்படி நாசூக்காக எழுதுவது என்று கற்றுக்கொண்டதுதான்.

பிரச்சினையின் வேர் தரவுத்தளம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் மாதிரியில் ஊன்றி வளர்ந்தவை இன்றைய வங்கி, அங்காடி, மருத்துவமனைத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை. எல்லாம் அட்டவணைகள், அட்டவணைக்குள் வரிசைகள். ஒரு வரிசையில் தொகை 50,000 என்று இருக்கிறது. யாரோ ‘அப்டேட்’ என்று ஒரு கட்டளை கொடுக்கிறார். தொகை 5,000 ஆகிறது. முன்பு 50,000 இருந்ததற்கு அட்டவணையில் ஒரு சுவடும் மிஞ்சாது. புதிய எண் பிறந்த நாளிலிருந்தே அங்கே இருந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். பழையதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், அந்த அட்டவணை நேற்றைப் பற்றி வாய் திறக்காது.

காகிதக் காலத்துக் கணக்குப்பிள்ளை இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பேரேட்டில் தவறு நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். அல்லது எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்ய வேண்டும். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலில் பிழைத் திருத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர்கள் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் படாத பாடு படுவார்கள். காரணம், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. இடைச்செருகலோ அழித்தலோ திருத்தமோ இருந்து, எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டிருக்காவிட்டால், பத்திரத்தைப் பதிய மறுக்கச் சார்பதிவாளருக்கு அது அதிகாரம் தருகிறது. நூறாண்டுக்கு முன்பு ஒரு முழத் தாளுக்குப் போட்ட கட்டுப்பாட்டை, கோடிக்கணக்கான ரூபாய் புழங்கும் அட்டவணைக்குப் போட மாட்டோம் என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சியா?

கணினி உலகுக்கும் இது புதிய பாடமில்லை. பரிவர்த்தனை என்ற கருத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவரான ஜிம் கிரே, 1981இல் எழுதிய கட்டுரையில் இதையே எச்சரித்தார். களிமண் பலகையிலும் மையிலும் கணக்கெழுதிய காலத்திலேயே, எழுதியதை மாற்றாமல் ஈடுசெய்யும் பதிவைப் புதிதாக எழுதும் ஒழுக்கம் இருந்தது என்று நினைவூட்டி, பழைய மதிப்பின் மேலேயே புதியதை எழுதும் வழக்கம் நஞ்சேறிய பழம் ஆகிவிடாதா என்று கேட்டார். பின்னாளில், 1998ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் எச்சரித்த பழத்தை நம் நிறுவனங்கள் இன்னும் ருசித்துக்கொண்டிருக்கின்றன.

இதெல்லாம் தொழில்நுட்பச் சண்டை, சாமானியனுக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் பிரிட்டன் அஞ்சல் துறையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ‘ஹொரைசன்’ என்ற கணினி முறை 1999 முதல் கிளை அஞ்சலகங்களுக்கு வந்தது. நடத்தியது ஃபுஜிட்சு நிறுவனம். கணக்கில் காரணமில்லாத பற்றாக்குறைகள் தோன்றின. கிளையை நடத்திய துணை அஞ்சலகர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். முடியாதவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1999க்கும் 2015க்கும் இடையே தண்டனை பெற்றவர்கள் 900க்கும் மேல். சிறைக்குப் போனவர்கள் உண்டு. வீடு இழந்தவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று அஞ்சல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சாதித்தது. ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பர் 16 அன்று நீதிபதி ஃபிரேசர் அளித்த தீர்ப்பு அந்தச் சாதிப்பை உடைத்தது. ஃபுஜிட்சு ஊழியர்களால் கிளைக் கணக்கில் பதிவுகளைத் தொலைவிலிருந்தே நுழைக்கவும் திருத்தவும் நீக்கவும் முடிந்தது, அதுவும் துணை அஞ்சலகருக்குத் தெரியாமலேயே, என்று தீர்ப்பு கண்டறிந்தது. நம் ஆண்டறிக்கைகளின் வாசகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு செய்தியும் அந்த வழக்கில் வெளிப்பட்டது. சிறப்பு அதிகாரம் பெற்ற பயனாளர்களைப் பற்றி 2015 ஜூலைக்கு முன்பு வைக்கப்பட்ட பதிவேடு, அவர்கள் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்பதை மட்டுமே சொன்னது. உள்ளே இருந்தபோது என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை.

வந்ததும் போனதும் தெரியும், செய்தது தெரியாது. பாவம், துணை அஞ்சலகர்! தான் எடுக்கவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்? 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி மற்றவர்களின் தண்டனைகளைத் துடைக்க வேண்டியிருந்தது. தடம் முழுமையாக இருந்து, அது நேர்மையாக வெளியே எடுக்கப்பட்டிருந்தால், அந்த வழக்குகளில் பல நீதிமன்றப் படியே ஏறியிருக்காது.

நம் நாட்டில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடிக் கதை 2009 ஜனவரி 7 அன்று வெடித்தது. விலைப்பட்டியல் மென்பொருளில் சிறப்பு அதிகாரம் கொண்ட கணக்கொன்றைப் பயன்படுத்தி, 7,000க்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள் உருவாக்கப்பட்டு, மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருந்தன என்று மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்; அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது யாரும் கேள்வி கேட்காத ஒரு நுழைவு. அதே வகை நுழைவைத்தான் இன்றைய ஆண்டறிக்கைகள் ‘சிறப்பு அதிகாரம் கொண்ட பயனாளர்கள் நீங்கலாக’ என்ற அடைமொழிக்குள் பொதிந்து வைக்கின்றன. திருடன் வரக்கூடிய ஒரே வழியை விட்டுவிட்டு மற்ற எல்லா வழிகளையும் காவல் காப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

சொல்லப்படும் சாக்குகளையும் பார்த்துவிடுவோம்.

முதல் சாக்கு, வேகம் குறையும், இடம் அடைக்கும் என்பது. ஒருகாலத்தில் இதில் நியாயம் இருந்தது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் பெர்க்லியில் உருவாக்கிய போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், கடந்த காலத்தின் எந்த நிலையையும் கேட்டுப் பெறும் வசதியோடுதான் வடிவமைக்கப்பட்டது. 6.2 பதிப்பில் அது கைவிடப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்கள் வேகமும் சேமிப்பிடமும்தான். அது 1997. வட்டு விலை அன்று என்ன, இன்று என்ன? இன்னொன்றும் உண்டு. இன்றைய போஸ்ட்கிரெஸ்கூட ‘அப்டேட்’ செய்யும்போது பழைய வரிசையை உடனே அழிப்பதில்லை. புதிய வரிசையைப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைப் பிறகு ‘வேக்யூம்’ என்ற துடைப்பத்தால் பெருக்குகிறது. பெருக்கித் தள்ளுவதற்கு முன்பு முக்கியமான அட்டவணைகளுக்காவது ஒரு நகல் எடுத்துவைக்க நமக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, தினமும் பேக்கப் எடுக்கிறோமே என்பது. இரவு 12 மணிக்கு எடுத்த நகல் இரவு 12 மணியின் நிலையைச் சொல்லும். காலையில் மாற்றி மாலையில் பழையபடி திருப்பிவைத்தவனை அது காட்டிக்கொடுக்காது. எது மாறியது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடித்தாலும், யார் மாற்றினார் என்பதற்கு அதில் விடை இல்லை. தரவுத்தளத்தின் பரிவர்த்தனைப் பதிவு இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். அது விபத்திலிருந்து மீள்வதற்காக உண்டானது. தேவை தீர்ந்ததும் மேலெழுதப்படுகிறது. நிறுவனச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது.

மூன்றாவது, கருவி இல்லை என்பது. இது வடிகட்டிய பொய். ஆரக்கிள் 2007இலேயே பழைய நிலைகளைக் காப்பகப்படுத்தும் வசதியைத் தந்தது. எஸ்கியூஎல் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலை, காலத்தோடு கூடிய அட்டவணைகளை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் 2016 பதிப்பிலும், மரியாடிபி 2018இல் வந்த 10.3 பதிப்பிலும் அதைத் தந்தன. இவை எதுவும் இல்லாவிட்டாலும், மாற்றம் நடக்கும் கணத்தில் தானே இயங்கும் ‘டிரிகர்’ ஒன்றை எழுதி, பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் தனி வரலாற்று அட்டவணையில் சேர்க்க முடியும். நேற்றுப் படித்து முடித்த நிரலாளர்கூட ஒரு வாரத்தில் செய்து தரக்கூடிய வேலை.

செய்ததாகச் சொல்கிறவர்களில் பலர் அரைவேலை செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்டவணையில் ‘கடைசியாக மாற்றியவர்’, ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிட்டு வரலாறு தயார் என்கிறார்கள். அடுத்தவர் மாற்றியதும் முந்தையவர் பெயர் காணாமல் போகும். முந்தைய மதிப்பு எப்போதோ போய்விட்டது. வேறு சிலர் டிரிகர் வைக்கிறார்கள். ஆனால், மென்பொருளின் பயனாளர்கள் அத்தனை பேரும் தரவுத்தளத்துக்குள் ஒரே பொதுப் பெயரில் நுழைகிறார்கள். ஆயிரம் பேர் செய்த ஆயிரம் மாற்றங்களுக்கும் அந்த ஒரு பெயரே பதிவாகிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொடக்கத்திலும் உண்மையான பயனாளர் யார் என்று தரவுத்தளத்திடம் சொல்லிவிட்டால் தீரும் குறை இது. மொத்தமாகத் தரவு ஏற்றும் இரவுகளில் வேகத்துக்காக டிரிகரை அணைத்துவிட்டு, காலையில் போட மறக்கிறவர்களும் உண்டு.

மிகப் பெரிய ஓட்டை, தடத்தைக் காக்கும் சாவியும் மாற்றத்தைச் செய்யும் சாவியும் ஒரே கொத்தில் தொங்குவது. எஸ்கியூஎல் சர்வரின் கால அட்டவணையைக்கூட, உரிய அதிகாரம் உள்ள அட்மின் அணைத்து, வரலாற்றில் கைவைத்து, மறுபடி இயக்கிவிட முடியும். அதனால்தான் 2022 பதிப்பில் பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து, கலைத்தால் காட்டிக்கொடுக்கும் பேரேட்டு அட்டவணையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதன் சரிபார்ப்புக் குறியை அட்மின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால்தான் அதற்கும் பயன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டுத் தழை தானே உதிர்ந்தது என்று சொல்ல முடியாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும்.

எதைப் பதிய வேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம் தவறிவிடுகிறது. அகவிலைப்படி உயர்வை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆணை மார்ச்சில் வரும். ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு அமல் என்று சொல்லும். நிலுவை கைக்கு வரும். உயர்வு எந்தத் தேதியிலிருந்து பொருந்துகிறது என்பது ஒரு காலம். அது எந்தத் தேதியில் தரவுத்தளத்தில் ஏறியது என்பது இன்னொரு காலம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், பிப்ரவரியில் ஏன் குறைந்த சம்பளம் கொடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அன்றைக்குக் கையில் இருந்த தகவல்படி அது சரிதான் என்று காட்ட இரண்டு காலமும் வேண்டும். தவறு செய்தவரைப் பிடிக்க மட்டும் வரலாறு தேவைப்படுவதில்லை. சரியாக நடந்துகொண்டவரைக் காப்பாற்றவும் அதுதான் சாட்சி.

அரசையும் விட்டுவைப்பதற்கில்லை. திருத்தத் தடம் பற்றிய விதி நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அரசுத் துறைகளை அது தொடுவதில்லை. ஊருக்குத்தான் உபதேசமா? நிலம் வாங்குகிற எவரும் பட்டாவை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. “முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க” என்றுதான் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பட்டா இன்றைய நிலையைச் சொல்கிறது. வில்லங்கச் சான்று, கை மாறி வந்த வழியைச் சொல்கிறது. நம் மக்கள் நம்புவது வந்த வழியைத்தான். குடும்ப அட்டை, ஓய்வூதியம், வாக்காளர் பட்டியல், சாதிச் சான்று என எல்லாமே அட்டவணைக்குள் போய்விட்ட காலத்தில், என் பெயருக்கு எதிரே இருந்த விவரம் என்று, யாரால், எந்த ஆணையின்பேரில் மாறியது என்று கேட்கும் குடிமகனுக்கு, நிலத்துக்குக் கிடைக்கும் வில்லங்கச் சான்றைப் போல ஒன்று கிடைக்க வேண்டாமா?

வரலாற்றைச் சேர்ப்பது என்ற பெயரில் தனிமனிதரின் அந்தரங்கங்களை என்றென்றைக்கும் பதுக்கிவைக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. நோக்கம் முடிந்ததும் தனிப்பட்ட தரவை அழிக்க வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. எதை எத்தனை ஆண்டு வைப்பது, யார் பார்ப்பது, எப்போது அழிப்பது, அழித்ததை எப்படிப் பதிவது என்று விதி வகுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. அழிக்கும் கடமையைக் காட்டித் தடம் வைக்கும் கடமையிலிருந்து தப்புவதையும் ஏற்க முடியாது.

ஆகவே, நாம் கோருவது இவை.

நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களே, அடுத்த ஆண்டறிக்கையில் அந்த வாசகம் இருக்கக் கூடாது. தரவுத்தள அளவிலான தடத்தை இந்த நிதியாண்டிலேயே இயக்குங்கள். சிறப்பு அதிகாரம் பெற்ற பயனாளர்கள் யார் யார், ஒவ்வொருவரும் கடந்த ஆண்டில் எத்தனை முறை நேரடியாகத் தரவைத் தொட்டார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒரு பட்டியலைத் தர முடியாது என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு சொன்னால், உங்கள் கையெழுத்தோடு போகும் ஐந்தொகையை எதை நம்பிக் கையெழுத்திட்டீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருள் தயாரிப்பாளர்களே, தடம் பதிவதைக் கூடுதல் கட்டணத்துக்கு விற்கும் வசதியாக வைக்காதீர்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது, ஏன் என்ற ஐந்தும் இல்லாமல் பணத்தையோ உரிமையையோ குறிக்கும் எந்த வரிசையும் மாறக் கூடாது.

தணிக்கையாளர்களே, தடம் சிதைக்கப்பட்டதாக எங்கும் தென்படவில்லை என்று எழுதுகிறீர்கள். தடம் இயங்கிய இடங்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். தடமே இல்லாத இடத்தைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அங்கே எந்தெந்த அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றில் என்னென்ன மாற முடியும், அதற்கு மாற்றாக என்ன சோதனை செய்தீர்கள் என்று விரித்து எழுதுங்கள்.

நிறுவன விவகார அமைச்சகமே, இரண்டு முறை அவகாசம் கொடுத்தது போதும். தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்யும் மாற்றமும் கணக்குப் புத்தகத்தில் செய்யும் மாற்றம்தான் என்று விதியிலேயே ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். தொடர்ந்து ஒப்புக்கொண்டு தொடர்ந்து மீறுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள். மத்திய, மாநில அரசுத் துறைகளுக்கும் இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவாருங்கள்.

கொல்லைக் கதவு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியும். அது திறந்திருப்பதாக அவரே எழுதிக் கொடுத்தும் இருக்கிறார். இனி உள்ளே ஏதாவது காணாமல் போனால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லும் வாய்ப்பை அவரே அடைத்துக்கொண்டுவிட்டார். அடுத்த ஆண்டறிக்கைகள் வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவோம்.